சூடம் அணைக்காதவனுக்குக் கேரம் இல்லை

பக்கத்து வீட்டு என்ஜினியர் போன மாதம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வீட்டில் ஏதும் துக்கமோ என்று பயந்து போய்க் கேட்டேன். செல்போனில் அவர் ஆடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு விளையாட்டில் அவருடைய கணக்கை முடக்கிவிட்டார்களாம். என்ன தப்பு செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எழுதிக் கேட்டால், "விசாரித்துவிட்டோம், முடிவில் மாற்றமில்லை" என்று இரண்டே வரியில் பதில் வருகிறதாம்.

முடக்குவதில் பல ரகம் இருக்கிறது என்று அவர் விளக்கினார். சில நாளைக்கு மட்டும் தடை, ஆயுளுக்கும் தடை, விளையாடலாம் ஆனால் பேசக்கூடாது என்று ஒரு தடை, அந்த செல்போனில் யார் ஆடினாலும் விடமாட்டோம் என்று ஒரு தடை. "இன்னொன்னு இருக்கு சார், அதான் ரொம்ப மோசம். ஷேடோ பேன். தடை போட்டிருக்கோம்னு நமக்கே சொல்ல மாட்டாங்க. நாமபாட்டுக்கு உக்காந்திருப்போம், ஆட ஆளே கிடைக்காது."

அவர் பேசப் பேச எனக்கு எங்கேயோ, கேரம் பலகையில் தூவுகிற போரிக் பவுடர் வாசனை அடித்தது. கம்ப்யூட்டர் கண்டுபிடித்தவர்கள் இதையும் சேர்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எழுபதுகளின் பின்பாதியில், தேனி பஜாருக்குப் பின்னால் ஒரு பஞ்சு குடோனின் மாடியில், இவை அத்தனையையும் ஒரே ஆள் வைத்திருந்தார். அவருக்கு மின்சாரம்கூடத் தேவைப்படவில்லை. சொல்லப்போனால், மின்சாரம் இல்லாதபோதுதான் அவருடைய பெரிய காரியம் நடந்தது.

அந்த மாடியில் எங்கள் கேரம் மன்றம் இருந்தது. குடோன்காரர்தான் மன்றத்தின் செயலாளர். நான் அனுமந்தன்பட்டிக்காரன். அப்போது தேனியில் கூட்டுறவுச் சங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். லாட்ஜ் மாதிரி ஒரு அறையில் தங்கியிருந்தவனுக்கு ஆபீஸ் விட்டதும் போக வேறு போக்கிடம் இல்லை. சினிமா, இல்லாவிட்டால் கேரம். மூன்று பலகைகள், ஒவ்வொன்றின் மேலும் தகர மூடி போட்ட ஒரு பல்பு, சுவரில் முருகன் படம், அதற்குக் கீழே செயலாளரின் மேஜை. மேஜை மேல் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும். அதன் பக்கம் யாரும் கையை நீட்ட மாட்டோம்.

யாராவது கெட்ட வார்த்தை பேசினாலோ, தோற்ற கோபத்தில் பலகையைத் தட்டினாலோ, செயலாளர் எழுந்து வந்து அவனுடைய ஸ்ட்ரைக்கரை எடுத்து அந்த பாட்டிலுக்குள் போட்டுவிடுவார். ஆள் வரலாம், போகலாம், ஸ்ட்ரைக்கர் வராது. அடுத்தவன் ஸ்ட்ரைக்கரை இரவல் கொடுத்தால் அதுவும் பாட்டிலுக்குள் போகும். அதற்கு மேலான தப்புக்கு "பேப்பர் மட்டும்" என்று தண்டனை. மாடிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து தினசரி படிக்கலாம், பலகைப் பக்கம் திரும்பக்கூடாது. ஆட்டத்தைப் பார்த்து "அடடா" என்று சொல்லிவிட்டால் தண்டனை இன்னும் ஒரு வாரம் நீளும். அதற்கும் மேலே, படி ஏறவே கூடாது என்பது. இவையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லப்படும் தண்டனைகள். கோபம் வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

சொல்லாமல் போடும் தடை ஒன்று இருந்தது. கடமலைக்குண்டிலிருந்து ஒரு வியாபாரி சந்தை வேலையாகத் தேனிக்கு வரும்போதெல்லாம் மன்றத்துக்கு வருவார். நல்ல மனிதர், நல்ல விரல். ஒரு நாள் செயலாளரை ஒரு காய்கூடப் போட விடாமல் ஜெயித்துவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் மாடியேறினால் எல்லோரும் "வாங்க, வாங்க" என்பார்கள். டீ வரும். மூன்று பலகையிலும் ஆள் இருக்கும். "அடுத்த ஆட்டம் நீங்கதேன்" என்பார் செயலாளர், சிரித்துக்கொண்டே. அந்த அடுத்த ஆட்டம் வரவே வராது. ஒரு ஜோடி எழுந்தால் இன்னொரு ஜோடி உட்காரும். அப்படி உட்காரச் சொல்லி எல்லோருக்கும் கண்ஜாடை போயிருக்கும். பாவம், அந்த மனிதர் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "இன்னைக்குக் கூட்டம் சாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போவார். எத்தனையோ சந்தைகள் இப்படி வந்து போனார். அவருக்குக் கொடுத்த அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

என் ஜோடி ஆட்டக்காரன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். என் வயது. அவனை இங்கே கூட்டாளி என்றே சொல்கிறேன். அவர்கள் கடையில் பித்தளை, செம்பு, எவர்சில்வர் எல்லாம் எடை போட்டு விற்பார்கள். குத்துவிளக்கும் சூடத்தட்டும் மணியும் அந்தக் கடையில்தான் நன்றாக இருக்கும் என்று பாதி ஊர் அங்கேதான் வாங்கும். விற்கிறவர்கள் வீட்டில் சூடம் ஏற்றும் வழக்கம் இல்லை என்பதை யாரும் ஒரு விஷயமாகவே எண்ணியதில்லை. எங்கள் மன்றத்து முருகன் படத்துக்கு முன்னால் இருந்த சூடத்தட்டும் அந்தக் கடையில் வாங்கியதுதான்.

அந்த வருஷம் மதுரையில் ஒரு கேரம் போட்டிக்கு மன்றத்திலிருந்து ஒரு ஜோடியை அனுப்புவதாக ஏற்பாடு. கடைசி ஆட்டத்தில் நானும் கூட்டாளியும் ஒரு பக்கம். எதிரே செயலாளரின் மச்சினனும் ஒரு பேங்க் கிளார்க்கும். கூட்டாளிக்கு அந்தப் போட்டியின் மேல் உயிர். மதுரைக்குப் போய் ஆட வேண்டும் என்பதைத் தவிர அவன் தன் அப்பாவிடம் எதற்கும் அடம்பிடித்ததில்லை. கடையை விட்டு எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று கல்லு மாதிரி இருந்த அப்பாவும் அந்த ஒன்றுக்கு மட்டும் சரி என்று சொல்லியிருந்தார்.

ஆட்டம் முடியும் கட்டம். சிவப்புக் காய், ரெட் என்போமே அது, ஒரு மூலைக் குழியின் வாயில் நின்றது. ஊதினால் விழும். அடிக்கும் முறை மச்சினனுக்கு. அந்தக் குழி கூட்டாளியின் இடது கைப் பக்கம் இருந்தது. மச்சினன் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குனிந்தான். கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் ஆடுகிறவர்கள் இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். மன்றத்துச் சட்டம். கைதிகள் மாதிரி நாலு பேரும் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். செயலாளர் மேஜையடியில் இருந்த அரிக்கேன் லாந்தரைத் தடவி எடுத்துக்கொண்டு வந்தார். இருட்டிலேயே அதைப் பலகையின் மூலையில் வைத்து, கண்ணாடியைத் தூக்கி, தீக்குச்சி கிழித்தார். திரி பற்றியதும் லாந்தரைத் தூக்கிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் வந்துவிட்டது.

ரெட் குழி வாயில் இல்லை. ஒரு சாண் தள்ளி நின்றது.

மச்சினன் குதித்தான். "ஏலே, காயை எவன்டா தள்ளுனது?" என்று கூட்டாளியின் சட்டையைப் பிடித்தான். "அங்கன நின்ன காய் இங்கன எப்பிடி வந்துச்சு? உன் கைப்பக்கம்தான இருந்துச்சு?"

நான் பலகையைப் பார்த்தேன். போரிக் பவுடரில், குழிக்குப் பக்கத்தில், வளையல் உடைந்த மாதிரி ஒரு பாதி வட்டம் பதிந்திருந்தது. லாந்தரின் அடிப்பாகம். வைக்கும்போது காயை இடித்துத் தள்ளியிருக்கிறது. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. சொல்லிவிட்டால் சிரித்துவிட்டு, காயை இருந்த இடத்தில் வைத்து மச்சினனே அடித்திருப்பான், ரெட்டும் விழுந்திருக்கும், நாங்களும் தோற்றிருப்போம். நியாயமாகத் தோற்றிருப்போம். நான் ரெட்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை.

"அண்ணே, லாந்தர் இடிச்சிருக்குண்ணே. காயில மண்ணெண்ணெ வாடை அடிக்குது, மோந்து பாருங்க" என்றேன்.

"காயை மோந்து பாக்குறான்டா!" என்று பெஞ்சிலிருந்து ஒருவன் கத்த, மொத்த மாடியும் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. ஸ்டூலுக்குப் போய் லாந்தரைத் தூக்கினார். அதன் அடியில் வட்டமாக வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து லாந்தரின் அடியைத் துடைத்தார். பிறகு, "தகராறு வேணாம்ப்பா, பலகையச் சுத்தம் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே அதே துண்டால் பலகையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். பாதி வட்டம் போயிற்று.

ஒரு பெரிய மனிதர் அத்தனை பேர் முன்னிலையில் அவ்வளவு நிதானமாக ஒரு அடையாளத்தைத் துடைப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் மேலேயே யாரோ துப்பின மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு ஒரே தீர்வுதான். சூடம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் செய்யவில்லை" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. ஆடு காணாமல் போனதிலிருந்து அண்ணன் தம்பி வரப்புத் தகராறு வரைக்கும் அதில் முடிந்துவிடும். பொய்ச் சத்தியம் செய்கிறவன் வீடு விளங்காது என்று நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது.

செயலாளர் முருகன் படத்தடியிலிருந்து தட்டை எடுத்து வந்து சூடத்தை ஏற்றினார். பலகையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் அணைக்க வேண்டும் என்றார். மச்சினன் அணைத்தான். உண்மையைத்தான் சொன்னான், அவன் தொடவில்லை. பேங்க் கிளார்க்கும் அணைத்தார். அவரும் தொடவில்லை. நானும் அணைத்தேன். ஒவ்வொருவருக்கும் புதுச் சூடம் வைத்துக் கொளுத்தித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தவர் செயலாளர். தட்டைப் பிடித்திருப்பவரிடம் யார் போய், நீங்களும் அணையுங்கள் என்று கேட்பது?

தட்டு கூட்டாளியிடம் போனது. அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் தொடலண்ணே. தொடலைன்னு சொல்றேன்ல, அம்புட்டுதான். சத்தியம் பண்ண மாட்டேன். எங்க வீட்டுல அது கிடையாது."

"தப்பு பண்ணாதவனுக்கு என்னடா பயம்?"

"பயம் இல்லண்ணே. எந்தச் சத்தியமும் பண்ணக்கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்கு. எங்கப்பா உத்தமபாளையம் கோர்ட்டுல சாட்சி சொல்லப் போனப்பக்கூட சத்தியம் பண்ணல. உறுதி கூறுறேன்னு சொன்னாக. ஜட்ஜு ஏத்துக்கிட்டாக."

ஜட்ஜ் ஏற்றுக்கொண்டதைக் கேரம் மன்றம் ஏற்றுக்கொள்ளவில்லை. சூடம் தட்டில் தானாக எரிந்து முடிந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அவன் எத்தனை வருஷமாக அங்கே ஆடுகிறான், ஒரு தடவையாவது ஒரு காயைத் திருட்டுத்தனமாகத் தொட்டிருக்கிறானா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சூடம் அணைக்கவில்லை, அப்படியென்றால் திருடன். கணக்கு முடிந்தது.

கூட்டாளிக்கு ஆயுள் தடை. அவன் ஸ்ட்ரைக்கர் பாட்டிலுக்குள் போயிற்று. எனக்கு ஒரு மாதம் படி ஏறக்கூடாது. தப்பு, "லாந்தரைக் குறை சொன்னது". மச்சினனும் பேங்க் கிளார்க்கும் மதுரைக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். அன்றைக்கு நான் தனியாக ஓட்டலுக்குப் போய் ஒரு அல்வா சாப்பிட்டேன்.

என்ஜினியர் எழுதிக் கேட்டார் அல்லவா, அந்த மாதிரி மேல்முறையீடு எங்களுக்கும் உண்டு. கமிட்டியிடம் சொல்லலாம். கமிட்டி என்பது செயலாளர், மச்சினன், அப்புறம் இவர்கள் எது சொன்னாலும் தலையாட்டும் ஒரு பொருளாளர். மூன்று பேரும் ஒரே குரலில், "சூடம் அணைச்சா மறுநாளே வந்து ஆடட்டும்" என்றார்கள். ரொம்ப தாராள மனசு.

நான் கூட்டாளியின் அப்பாவிடமே போய்க் கேட்டேன், ஒரு தடவை, இந்த ஒரு தடவை அணைத்துவிட்டு வந்தால் என்ன என்று. அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, அவன் அணைச்சான்னு வையி. ஞாயித்துக்கிழமை சபையில எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாக. அப்பம் கொடுக்குற திருவிருந்துல சேக்க மாட்டாக. அங்கன அணைக்கலைன்னா தடை. இங்கன அணைச்சாத் தடை. இதுல எதைப் போயி விளையாட்டுன்னு சொல்றது?"

இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் சபையின் மேலும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்தப் பக்கமாவது ஒரே சட்டம் எல்லோருக்கும் இருந்தது.

மாடியில் போட்ட தடை மாடியோடு நிற்கவில்லை. "பாத்திரக்கடைக்காரர் மகன் சூடம் அணைக்க மாட்டேன்னுட்டானாம்" என்று பஜார் முழுக்கப் பரவியது. என்ன தகராறு, எந்தக் காய் என்பதெல்லாம் உதிர்ந்துபோய், அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஊரைச் சுற்றியது. ஒரு நாள் நான் கடையில் இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் சீர்ப் பாத்திரம் வாங்க வந்தார்கள். அண்டாவைத் தராசில் ஏற்றியதும் அந்தக் கூட்டத்திலிருந்த ஒரு ஆத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டாளியைக் கேட்டாள்: "எடை சரியாத்தேன் இருக்குன்னு சூடம் அணைச்சுச் சொல்லுவியாப்பா?"

அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கூட்டாளி எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவன் முகத்தை நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. பரம்பரையாகத் தராசு பிடிக்கிற குடும்பத்தில், கேரம் காய் ஒரு சாண் நகர்ந்ததற்காக, அந்தத் தராசையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் கடையில் எடை போடும் இடத்துக்கே வரவில்லை. பின்பக்கம் குடோனில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மதுரை என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

என்னுடைய ஒரு மாதம் முடிந்தது. மாடியேறிப் போனேன். "வா, வா" என்றார் செயலாளர். டீ வந்தது. மூன்று பலகையிலும் ஆள் இருந்தது. "அடுத்த ஆட்டம் நீதேன்" என்றார். டீயைத் தொடாமல் இறங்கிவிட்டேன். கடமலைக்குண்டுக்காரருக்கு ஆனது எனக்கும் ஆகிவிட்டது. ஒரே வித்தியாசம், எனக்கு அது தெரிந்திருந்தது.

அப்புறம் வருஷங்கள் போயின. வீடுகளுக்கு டிவி வந்தது. மாடியில் ஆள் குறைந்து, இரண்டு பலகை சுவரில் சாய்ந்து நின்றன. மச்சினன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான். கூட்டாளியின் அப்பா காலமாகிக் கடை அவன் கைக்கு வந்திருந்தது. வேறு ஆள் இல்லாமல் அவனே எடை போட வேண்டியதாயிற்று. அந்த மன்றத்துக்கு ஆண்டுவிழா வந்தது. ஒரு சாயங்காலம், நான் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, செயலாளர் உள்ளே வந்தார். தலை நரைத்திருந்தது. மடித்த துண்டு அதே தோளில் கிடந்தது.

கூட்டாளி எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அவர் உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். கூட்டாளியுடையது. பாட்டிலில் கிடந்து கிடந்து பழுப்பேறியிருந்தது.

"ஆண்டுவிழாவுக்கு ஒரு நல்ல ஆட்டம் போடணும்ப்பா. உங்க ரெண்டு பேரையும் மாதிரி விரல் இப்ப யாருக்கும் இல்ல. கமிட்டியில பேசிட்டேன். பழசையெல்லாம் மன்னிச்சாச்சு. எல்லாருக்கும் பொதுவுல மன்னிப்பு. நீ வந்து ஆடலாம்."

மன்னிப்பாம். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. துடைத்த கை, அந்தத் துண்டு, எதிரே உட்கார்ந்து மன்னிக்கிறது. அவரை என்ன சொல்லித் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பின்னால் அலமாரி நிறைய சூடத்தட்டுகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. எழுந்து ஒன்றை எடுத்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நாலு பேருல மூணு பேரு அணைச்சோம். தட்டைப் பிடிச்சவுக மட்டும் அணைக்கல. இப்பக் கேக்குறேன்…"

கூட்டாளி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான். கோபமாக இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான்.

"கேக்காத மாப்ள. அவுக அணைச்சிருவாக."

தட்டை அலமாரியில் அதன் இடத்தில் திரும்ப வைத்தான். செயலாளருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். துடைத்த கையாலேயே அணைப்பதில் எங்களுக்கு என்ன குறை என்று நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

"அணைச்சா என்னப்பா?" என்று கேட்டார்.